லூமுட் கடலோரம் சைக்கிளில்: கடல் எங்கே தெரியும், எங்கே தெரியாது

கிள்ளானிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அவரும் மனைவியும் ஆளுக்கொரு டூரிங் சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். அவருடைய அம்மா பிறந்தது பேராக் மாநிலத்து ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில். நான்கு நாள் விடுமுறையில் ஆயர் தாவாரில் காரைப் போட்டுவிட்டு லூமுட், பங்கோர் தீவு, பந்தாய் ரெமிஸ் என்று கடலை ஒட்டியே ஒரு சுற்று வர ஆசை. ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டர் மிதிப்பார்களாம். "கடலை விட்டு விலகாத சாலை எது?" என்று கேட்கிறார்.

கேட்டது ஒரு சாலையின் பெயரைத்தான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வரைபடத்தில் கடலுக்குப் பக்கத்தில் ஓடுகிற கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் கடல் கண்ணில் படுமா என்பது ஒன்று. பையும் பாரமுமாக இரண்டு பேர் அந்தச் சாலைகளில் பத்திரமாகப் போய்வர முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் படாது. இரண்டாவதற்கு, முடியும், நேரத்தைப் பார்த்துக் கிளம்பினால்.

நான் இந்தப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். பால்மரம் வெட்டப் போகிறவர்களின் இரும்பு சைக்கிளில் தொடங்கி, இப்போது கோலாலம்பூரிலிருந்து வந்து கைப்பிடியில் கணினி மாட்டிக்கொண்டு போகிறவர்களின் வண்டி வரை பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டாளிகளோடு மிதிப்பதும் உண்டு. அதனால் சாலை, மேடு, டயர், செயின், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் லோரி வரும் என்பதெல்லாம் தெரிந்து சொல்கிறேன். முட்டி வலிக்கு என்ன செய்வது, எந்த ஓட்டலில் படுக்கை நன்றாக இருக்கும் என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கிலோமீட்டர் கணக்கும் ஏறக்குறையத்தான். எங்கே திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று கூடும், குறையும்.

முதலில் கடல் ஏன் தெரியாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்த, அலை குறைந்த கடல். ஆறுகள் கொண்டுவந்து கொட்டுகிற சேறு அலையில் அடித்துப் போகாமல் கரையிலேயே தங்கிவிடும். சேறு தங்குகிற இடத்தில் சதுப்புநிலக் காடு வளரும். எங்கள் பக்கத்துக் கரையில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். டிண்டிங் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைச் சுற்றிலும் அந்தக் காடுதான் நிற்கிறது. குன்று நேராகக் கடலுக்குள் இறங்குகிற இடங்களில் மட்டும் இரண்டு முனைகளுக்கு நடுவே மணல் சேர்ந்து குடா உண்டாகியிருக்கிறது. தெலுக் பாத்தேக், தெலுக் ரூபியா, தெலுக் செனாங்கின், பங்கோரின் மேற்குப் பக்கம் எல்லாம் அப்படி உண்டானவை. சாலை போட்டவர்களுக்குக் காட்சி முக்கியமாக இல்லை. தோட்டத்துப் பாலும் ஈயமும் படகுத்துறைக்குப் போக வேண்டும், வண்டி சேற்றில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் பெரிய சாலைகள் சதுப்புக்குப் பின்னால் காய்ந்த நிலத்தில் ஓடுகின்றன. வரைபடத்தில் கடல் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும், நீங்கள் பார்ப்பது செம்பனை.

ஆகவே கடலை ஒட்டி ஒரு வளையம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நடுவில் ஒரு நெடுஞ்சாலை, அதிலிருந்து கடலுக்கு இறங்கும் கிளைச் சாலைகள் என்று திட்டம் போடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் போய் அதே வழியாகத் திரும்பி வர வேண்டியிருக்கும். வந்த வழியே திரும்புவது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் இங்கே கடல் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். முழு வளையமாகக் கடலோடு போக வேண்டும் என்றால் அதற்குப் பங்கோர் ஒன்றுதான்.

ஆயர் தாவாரிலிருந்து சித்தியவான் 12 கிலோமீட்டர் அளவில். அங்கிருந்து லூமுட் இன்னொரு 12. சித்தியவான் வரை இது கூட்டரசுச் சாலை 5, ஈப்போவிலிருந்து மேற்குக் கரையோரமாக ஜொகூர் வரை இறங்கும் பழைய சாலை. மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சித்தியவான் தாண்டியதும் இரட்டைச் சாலை, வண்டிகள் வேகமாக வரும், வேலைநாளில் லூமுட் துறைமுகத்துக்குப் போகிற பெரிய லோரிகளும் சேர்ந்துகொள்ளும். துறைமுகம் இருப்பது கம்போங் ஆச்சே பக்கம், ஊருக்குள் இல்லை. அந்தத் திருப்பம் வரும்வரை இடது ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் துண்டை அழகுக்காக யாரும் மிதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினால் வெயிலுக்கு முன் லூமுட்டில் இருக்கலாம்.

வழியில் சித்தியவானிலும் கம்போங் கோ ஊரிலும் சாப்பாட்டுக்கு நிறுத்தலாம். 1903இல் சீனாவின் ஃபூச்சோவிலிருந்து மெதடிஸ்ட் சபையோடு வந்து குடியேறியவர்களின் ஊர் சித்தியவான். மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடுகிற கோங் பியா என்ற ரொட்டி அவர்களுடையது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிதிக்க அதைவிட நல்ல தீனி கிடையாது, வெயிலில் கெடாது, நசுங்காது. ஆனால் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. சைவம் என்றால் கேட்டு வாங்குங்கள். கம்போங் கோ என்றால் மிளகாய் சாஸ். கண்ணாடிப் புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு மேடு ஏறாதீர்கள், திரும்பும்போது வாங்குங்கள்.

லூமுட்டிலிருந்து தெலுக் பாத்தேக் ஆறேழு கிலோமீட்டர்தான். வழியில் கடற்படைத் தளம் வரும், அதன் வேலியைப் படம் எடுக்க நிற்காதீர்கள். தெலுக் பாத்தேக் எங்கள் மாவட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் பாயும் பாத்திரமுமாகப் போகிற கடற்கரை. பிறை வடிவில் மணல், இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த முனை, தண்ணீர் அமைதியாக இருக்கும். சனி, ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கார் வரிசை கட்டும். வேலைநாள் காலை என்றால் மணல் உங்களுக்கே. அடுத்த குடாவான தெலுக் ரூபியாவை மனத்தில் வைத்திருந்தால் விட்டுவிடுங்கள். பிரேசில் நாட்டு வாலே நிறுவனத்தின் இரும்புத்தாது முனையம் 2014 முதல் அங்கே இயங்குகிறது, பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போனால் வாயில் கதவைத்தான் பார்க்க முடியும். அதற்கும் தெற்கே லெக்கீர் பக்கம் போனால் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கிகள் வெகு தூரத்திலிருந்தே தெரியும். அங்கே கரை முழுவதும் சேறு. பறவை பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்கும். நான்கு நாளில் உங்களுக்கு அதற்கு நேரம் இல்லை.

பங்கோர் தனியாகச் சொல்ல வேண்டியது. லூமுட் படகுத்துறையிலிருந்து பெர்ரி அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். தெலுக் மூரோ பக்கம் கடலை மேடாக்கிக் கட்டிய மரினா ஐலண்டிலிருந்து ஏறினால் பயணம் இன்னும் குறைவு. சைக்கிளை ஏற்றுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே அன்றைக்கு டிக்கெட் கவுண்டரில் கேட்பதுதான் சரி. பைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியைத் தனியாகத் தூக்கிக் கொடுங்கள். பையோடு தூக்கினால் பின்சக்கரக் கம்பி வளைவது இந்த ஏற்று இறக்கத்தில்தான்.

தீவை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடிகாரம் சுற்றுகிற பக்கமாகச் சுற்றுங்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பங்கோர் ஊரிலிருந்து தெற்கே இறங்கி, மேற்குக் கரையில் வடக்கே ஏறி வந்தால் கடல் எப்போதும் உங்கள் இடது கையில் இருக்கும், நடுவில் எதிர்வண்டி வராது. நின்று பார்க்க வேண்டுமென்றால் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கமாகப் போனால் குன்றின் அடியைப் பார்த்துக்கொண்டே போவீர்கள். முழுச் சுற்று 20 கிலோமீட்டர் சுமார்தான். ஒரு நாளில் முடித்துவிட்டு மாலைப் பெர்ரியில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஓர் இரவு தங்குங்கள்.

மத்தியான வெயில் தணிந்த பிறகு பங்கோர் ஊரில் இறங்குவது நல்லது. கிழக்குக் கரை மீன்பிடிக்காரர்களின் கரை. நெத்திலி காயும் வாசமும் படகுப் பட்டறையும் இந்தப் பக்கம்தான். அங்கிருந்து சிறிது தூரத்தில் தெலுக் கெடோங். அங்கே டச்சுக்காரர்கள் ஈய வணிகத்துக்காக 1670இல் கட்டிய கோட்டை இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைத் தாக்கி அழித்தார்கள், 1743இல் டச்சுக்காரர்கள் திரும்பக் கட்டினார்கள், 1748இல் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது நிற்பது பின்னாளில் சீர்செய்த செங்கல் சுவர்கள். பக்கத்தில் ஒரு பெரிய பாறை, அதில் புலி குழந்தையைக் கவ்வுவது போன்ற செதுக்கல். டச்சு அதிகாரி ஒருவரின் குழந்தையைப் புலி தூக்கிப் போனது என்று கதை சொல்வார்கள். புலி இல்லை, ஆட்கள் கடத்தினார்கள் என்று மாற்றிச் சொல்வதும் உண்டு. பாறையில் 1743 என்று வெட்டியிருப்பது மட்டும்தான் கண்ணால் பார்க்கக்கூடியது. குழந்தையின் கதை வாய்வழி வந்தது.

இதே தீவின் பெயரில்தான் 1874 ஜனவரி 20இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்து உட்கார்ந்தது அதன் பிறகு. கையெழுத்து தரையில் நடக்கவில்லை, பங்கோருக்கு அருகே நின்ற புளூட்டோ என்ற கப்பலில் நடந்தது. லூமுட், பங்கோர் பக்கத்தை டிண்டிங்ஸ் என்று சொல்லி, பிரிட்டிஷார் தங்கள் நேரடி ஆட்சியில் இருந்த நீரிணைக் குடியேற்றங்களோடு வைத்திருந்து, 1935இல்தான் பேராக்கிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆள் வந்து இறங்கிய காலத்தின் பின்னணி இது. அம்மாவின் குடும்பக் கதையை விசாரிக்கும்போது உபயோகப்படும்.

பாசிர் போகாக் தாண்டியதும் சாலை மேற்குக் கரைக்கு வந்துவிடும். பாசிர் போகாக், தெலுக் கெத்தாப்பாங், தெலுக் நீப்பா மூன்றுக்கும் நடுவே சின்னச் சின்ன ஏற்றம், ஒவ்வொன்றின் உச்சியிலும் கடல் ஒரு தரம் தெரியும். நீங்கள் தேடுகிற சாலை உண்மையில் இந்தச் சில கிலோமீட்டர்தான். சூரியன் 7.15, 7.30 வாக்கில் மறையும், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தெலுக் நீப்பா போய்ச் சேருங்கள். மாலையில் இருவாட்சிப் பறவைகள் கூட்டமாக வரும், அவற்றுக்கு ஆள் பயம் இல்லை. குரங்குகளுக்கும் இல்லை. கைப்பிடிப் பையில் வாழைப்பழத்தை வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் பையின் ஜிப்பும் போய்விடும். இளஞ்சிவப்பு வேன்கள்தான் தீவின் டாக்சி. வளைவுகளில் நடுச்சாலையில் வருவார்கள், ஏற்றத்தில் தடுமாறி வலப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்.

மறுநாள் காலையில் மேற்குக் கரை குன்றின் நிழலில் இருக்கும். அந்த நிழலிலேயே தெலுக் டாலாம் தாண்டி, தீவின் வடக்குப் பக்கமாகச் சுங்கை பினாங்குக்கு இறங்கிவிடுங்கள். இந்தத் துண்டில்தான் மேடு. நீளம் அதிகமில்லை, ஆனால் செங்குத்து. பையோடு மிதித்து ஏறுகிறவர்கள் உண்டு, இறங்கித் தள்ளுகிறவர்கள் அதிகம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு கொதித்து டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் டியூப் பிழைக்கும், கட்டை கருகும். மழை பெய்து இலை கொட்டிக் கிடந்தால் யோசிக்காமல் தள்ளிக்கொண்டு இறங்குங்கள்.

இறங்கியதும் சுங்கை பினாங் கெச்சிலில் கடலைப் பார்த்தபடி ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயில். மாசி மகத்துக்கு வெளியூர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். அந்த நாட்களில் பெர்ரியில் ஆளுக்கே இடம் கிடைப்பது கஷ்டம், சைக்கிளோடு போகாதீர்கள். கும்பிடத்தான் போகிறீர்கள் என்றால் சைக்கிளை லூமுட்டில் விட்டுவிட்டுப் போங்கள். மற்ற நாட்களில் காலை நேரத்தில் அந்தக் கோயில் வாசலில் உட்கார்ந்து லூமுட் பக்கத்து மலைகளைப் பார்ப்பது போன்ற ஓய்விடம் இந்தச் சுற்றில் வேறு கிடையாது. பெர்ரி அந்தத் துறையிலும் நிற்கும், ஊர் வரை மிதிக்க வேண்டியதில்லை. 2020 ஜனவரி முதல் பங்கோர் வரியில்லாத் தீவு. சாக்லேட் வாங்குகிறவர்கள் அது வெயிலில் மூன்று மணி நேரம் பையில் இருக்கப்போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வடக்குப் பக்கம் போவதற்கு லூமுட்-சித்தியவான் சாலையிலிருந்து பிரிந்து டிண்டிங் ஆற்றின் மேல் இருக்கிற பாலத்தைக் கடக்க வேண்டும். கூட்டரசுச் சாலை 60, பந்தாய் ரெமிஸ் வழியாக சங்காட் ஜெரிங் வரை போகிறது. பாலத்தின் மேலிருந்து முகத்துவாரம் முழுவதும் தெரியும், சதுப்புக் காடும் படகும் தூரத்தில் மலையும். நின்று பார்க்கத் தோன்றும். கனரக வண்டி போகும்போது பாலம் அதிரும், ஓரத்தில் இடம் குறைவு, நடுவில் நிற்காதீர்கள். கடந்து முடித்து இறங்கிய பிறகு ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு டாமார் லாவுட், செகாரி வரை காடும் குன்றும் மாறி மாறி வரும். தோட்டத்துச் சமவெளியிலேயே மிதித்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் தொடையில் தெரியும். சாலை ஓரம் மரநிழல் உண்டு, கடை குறைவு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு போங்கள். இங்கிருந்துதான் தெலுக் செனாங்கின் கிளை பிரியும். தெலுக் பாத்தேக்கின் கூட்டம் இல்லாத கடற்கரை அது, கம்பத்து ஆட்களும் தூண்டில் போடுகிறவர்களும்தான் இருப்பார்கள். செகாரியின் பாசிர் பாஞ்சாங் கடற்கரையில் கடலாமைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. முட்டைகளைப் பொறிக்கவைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆமை முட்டையிட வரும் கரை என்பதால் இருட்டில் விளக்கை அடித்துக்கொண்டு மணலில் சுற்ற வேண்டாம். இரண்டு கிளைக்கும் ஒரே நாளில் போக முயன்றால் பந்தாய் ரெமிஸ் சேர மாலையாகிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மனைவிக்குப் பழக்கம் குறைவு என்றால் தெலுக் செனாங்கின் போதும்.

பந்தாய் ரெமிஸ் மீன்பிடி ஊர். அங்கே மீன் உருண்டை போட்ட மீ சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை. அந்தப் பக்கத்துக் கரையில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு குடா தெரியும். அது இயற்கையாக வந்தது இல்லை. கடலுக்கு மிக அருகே தோண்டிக் கைவிட்டிருந்த திறந்தவெளி ஈயச் சுரங்கத்தின் சுவர் 1993 அக்டோபர் 21இல் சரிந்து, கடல் உள்ளே பாய்ந்து நிரப்பியது. அதை அப்போதே யாரோ காணொளியாக எடுத்திருந்தார்கள், இன்றும் புவியியல் வகுப்புகளில் போட்டுக் காட்டுகிறார்கள். ஈய நிலத்தில் சைக்கிளோடு குறுக்குவழி தேடுகிறவர்கள் அந்தக் காணொளியை ஒரு தரம் பார்த்துவிட்டு வரட்டும். பழைய ஈயக்குட்டையின் விளிம்பு மேலே புல்லாக இருக்கும், அடியில் வெறும் மணல்.

அங்கிருந்து வடக்கே துரோங் வழியாகத் தைப்பிங் போகலாம், வழி நெடுகிலும் மாத்தாங் சதுப்புக் காட்டின் பின்பக்கம். அது வேறொரு பயணம். நீங்கள் கிழக்கே புருவாஸுக்குத் திரும்புங்கள், 20 கிலோமீட்டர் இருக்கும். புருவாஸிலிருந்து ஆயர் தாவார் இன்னொரு 25. ஆயர் தாவாரில் தொடங்கிப் பாலம், செகாரி, பந்தாய் ரெமிஸ், புருவாஸ் வழியாக வந்து முடித்தால், கிளைகளையும் பங்கோரையும் சேர்க்காமல் 100 கிலோமீட்டருக்கு முன்பின் வரும்.

புருவாஸில் அருங்காட்சியகம் உண்டு. கங்கா நகரம் என்ற பழைய அரசு இங்கேதான் இருந்தது, ராஜேந்திர சோழன் வந்து அழித்தான் என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் சொல்லத்தான் ஆசை. ஆனால் பழைய மலாய் வரலாற்று ஏட்டில் வருகிற கங்கா நகரக் கதை ஒரு பக்கம், சோழர் கல்வெட்டு ஒரு பக்கம். ராஜேந்திரன் 1025 வாக்கில் கடல் கடந்து வென்ற ஊர்களின் வரிசை தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது, கடாரம் இருக்கிறது, ஸ்ரீவிஜயம் இருக்கிறது, கங்கா நகரம் என்ற பெயர் இல்லை. புருவாஸ் பழமையான துறைமுக ஊர் என்பதில் சந்தேகம் இல்லை, அங்கே கிடைத்த பொருள்களும் பழைய ஆச்சே வகைக் கல்லறைக் கற்களும் சாட்சி. சோழன் படை இந்த ஆற்றில்தான் ஏறியது என்பது இன்னும் நிரூபிக்கப்படாத விஷயம்.

தோட்டத்துச் சாலைகளைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும், அம்மா பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையை, தேடி எப்படியும் உள்ளே போவீர்கள். தோட்டம் தனியார் நிலம். வாயிலில் ஜாகா (காவலாளி) இருந்தால் நிறுத்தி, யார், எந்த லயம், எதற்கு வந்தோம் என்று சொல்லுங்கள். தமிழரோ நேபாளியோ பங்களாதேஷ்காரரோ, மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், விடவில்லை என்றால் வாதாடாமல் திரும்புங்கள். பழைய லயங்கள் பல இடங்களில் இடிபட்டுவிட்டன. கோயிலும் தமிழ்ப்பள்ளியும்தான் இடத்தை அடையாளம் காட்டும். கோயில் பூசாரியிடம் அம்மாவின் அப்பா பெயரைச் சொல்லிப் பாருங்கள், தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்பதைவிட அது வேலை செய்யும்.

செம்மண் சாலை காய்ந்திருந்தால் அருமையான பாதை, மழை பெய்தால் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே களி அடைத்து வண்டி நகராது. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் அடிப்பக்கத்தில் முள் வரிசையாக இருக்கும், பஞ்சருக்கு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த முள்ளோடு வருகிறார்கள். ஓரத்தில் மட்டை அடுக்கிய வரிசையை ஒட்டி ஓட்டாதீர்கள். எண்ணெய் ஆலைக்குப் பக்கத்துச் சாலையில் லோரியிலிருந்து விழுந்த பழம் நசுங்கிக் கிடக்கும், மேலே தூறல் விழுந்தால் வளைவில் வழுக்கும். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். மிதித்து வேகம் காட்டினால் அதுவும் வேகம் காட்டும். சூரியன் சாய்ந்த பிறகு தோட்டத்துக்குள் இருக்காதீர்கள், மாடு, காட்டுப்பன்றி, பாம்பு எல்லாம் அந்த நேரத்தில்தான் சாலைக்கு வரும்.

நேரம், வானிலை விஷயத்தில் சில உறுதியான கணக்குகள் உண்டு. விடிவது ஏழு மணிக்குமேல். ஏழிலிருந்து பதினொன்று வரை மிதிக்கிற நேரம், பதினொன்றிலிருந்து மூன்றரை வரை நிழலில் உட்காருகிற நேரம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மழை வழக்கம், கடற்கரையிலும் பாலத்திலும் மின்னலுக்கு நிற்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இன்னொன்று உண்டு. சுமத்ரா என்று சொல்கிற புயல்காற்று விடியற்காலையில் நீரிணையைத் தாண்டி வரும். மேற்கே அடிவானத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் கிளம்பாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், பிறகு நாள் முழுக்க நன்றாகவே இருக்கும். புகைமூட்டம் சில வருடங்களில் வரும், சில வருடங்களில் வராது. வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், மூச்சு வாங்க மிதிக்கிறவர்களுக்கு அது நல்லதில்லை.

மாலையில் மேற்கு நோக்கி மிதிப்பதைத் தவிருங்கள். உங்களுக்கு வெயில் கண்ணில் அடிப்பது இருக்கட்டும், பின்னால் வருகிற கார்க்காரருக்கும் அதே வெயில் அடிக்கும், அவருக்கு உங்கள் முதுகு தெரியாது. பகலிலும் பின்விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள். மேற்குக்கரை விரைவுச்சாலை புதிதாக இருக்கிறது, வழவழப்பாக இருக்கிறது என்று அதில் ஏறிவிடாதீர்கள், சைக்கிளுக்கு அங்கே அனுமதி இல்லை. கடற்கரையில் ஏற்றவற்றம் ஒரு நாளைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். குளிக்கிற ஆசை இருந்தால் ஏற்ற நேரம் பார்த்துப் போங்கள், வற்றிய நேரத்தில் சேற்று வாடைதான்.

வண்டிக்கு 32 மில்லிமீட்டர் டயர் தார்ச் சாலைக்குப் போதும், தோட்டத்துக்குள் போவதென்றால் 38 அல்லது 40 போடுங்கள், சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பங்கோர் மேட்டுக்கு முன்பல் சின்னதும் பின்பல் பெரியதுமாக இருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு டியூப், ஒரு பம்ப், செயின் இணைப்பு ஒன்று. தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், வெறும் தண்ணீராகவே குடிக்காமல் நடுவில் உப்பு சேர்ந்தது ஏதாவது, அசாம் போய் என்கிற உப்பிட்டுக் காயவைத்த புளிப்புப் பழம் நன்றாக வேலை செய்யும்.

நான்கு நாளை இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் காலை ஆயர் தாவாரிலிருந்து தெலுக் பாத்தேக், மத்தியானம் லூமுட் திரும்பி மூன்று மணிக்கு மேல் பெர்ரி, இரவு தெலுக் நீப்பா. இரண்டாம் நாள் மேட்டைக் கடந்து பத்து மணிக்குள் பெர்ரி, லூமுட்டில் ஓய்வு, அன்று வேறெதுவும் வேண்டாம். மூன்றாம் நாள் விடிந்ததும் பாலம், தெலுக் செனாங்கின், பந்தாய் ரெமிஸ். அது 50க்கு மேல் வரும், அதுதான் கஷ்டமான நாள். நான்காம் நாள் புருவாஸ் வழியாக ஆயர் தாவார், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், மிச்ச நேரம் அம்மாவின் தோட்டத்துக்கு. மழை வந்து ஒரு நாள் போனால் பந்தாய் ரெமிஸை விடுங்கள், பங்கோரை விடாதீர்கள்.

திரும்பி வந்ததும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பெர்ரியில் தெறிக்கிற உப்புத் தண்ணீர் ஒரு வாரத்தில் செயினைச் சிவப்பாக்கிவிடும், அப்புறம் கழுவிப் பிரயோசனம் இல்லை. மனைவியின் வண்டியில் இருக்கிற பல்லின் எண்ணிக்கையையும் இருவருடைய டயர் அளவையும் எழுதுங்கள், அந்த மேட்டுக்கு ஆகுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.